கிவ்அவே மென்பொருள் ஆக்டிவேட் ஆகாமல் முரண்டு பிடித்தால்

காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை ஒரு நாளைக்கு மட்டும் சும்மா தருகிறார்கள். டவுன்லோட் ஆகிறது, இன்ஸ்டாலும் ஆகிறது, கடைசிப் படியில் 'ஆக்டிவேஷன் ஃபெயில்டு' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அந்தப் பெட்டி சொல்லும் காரணத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம். சர்வர் கிடைக்காத கோளாறுக்கு 'இன்வேலிட் கீ' என்று சொல்லும் மென்பொருள்கள் உண்டு. கடிகாரம் தப்பாக இருப்பதற்கு 'இன்டர்நெட் இல்லை' என்று சொல்பவையும் உண்டு. எந்தப் படியில் இடிக்கிறது என்று பிடித்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் பத்து நிமிட வேலைதான். ஆனால் சலுகை முடிய எவ்வளவு நேரம் மிச்சம் என்பதைப் பொறுத்து எதை முதலில் செய்வது என்பது மாறும்.

முதலில் ரீட்மீயைத் திறங்கள்

ஜிப் கோப்புக்குள் 'ரீட்மீ' என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். அதைப் படிக்காமல் செட்டப்பை ஓட்டியதால் வந்த சிக்கல்களே பாதி இருக்கும். உங்கள் கையில் இருப்பது எந்த வகைச் சலுகை என்பது அதில்தான் தெரியும். வகை மூன்று.

ஒன்று, கீயே (லைசென்ஸைத் திறக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை) கேட்காத வகை. 'கிவ்அவே ஆஃப் த டே' தளம் பெரும்பாலும் இந்த வழியில்தான் தருகிறது. மென்பொருளின் செட்டப்பைத் தங்கள் சொந்த உறைக்குள் போட்டுத் தருவார்கள். அந்த உறை, ஓட்டிய உடனே தளத்தின் சர்வரிடம் 'இந்தச் சலுகை இன்னும் நடப்பில் இருக்கிறதா' என்று கேட்கும். ஆமாம் என்று பதில் வந்தால்தான் உள்ளே இருக்கும் செட்டப் திறக்கும். நேரம் தாண்டிவிட்டால் அதே கோப்பு வெறும் ஓடு. நேற்று டவுன்லோட் செய்து வைத்ததை இன்று இன்ஸ்டால் செய்யலாம் என்பது இதில் நடக்காது.

இரண்டாவது, எல்லோருக்கும் பொதுவான ஒரே கீ. ரீட்மீயிலேயே எழுதியிருக்கும். இன்ன தேதிக்குள் கீயைப் போட்டுவிட வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கும். கீ கையில் இருக்கிறதே, சாவகாசமாகப் போடலாம் என்று விட்டால் தேதிக்குப் பிறகு சர்வர் அதை ஏற்காது.

மூன்றாவது, மின்னஞ்சல் கொடுத்தால் உங்கள் பெயருக்கென்று தனி கீ வரும் வகை. ஆஷம்பூ போன்ற நிறுவனங்களில் இதற்கு அவர்கள் தளத்தில் ஒரு கணக்கும் தொடங்க வேண்டியிருக்கும். சிக்கல்கள் அதிகம் இதில்தான். ஆனால் ஒரு நல்ல விஷயம், கீ கைக்கு வந்துவிட்டால் பிறகு திரும்ப இன்ஸ்டால் செய்யவும் பல சமயம் வாய்ப்பிருக்கும்.

முதல் வகையில் சர்வர், கடிகாரம், ஆன்டிவைரஸ் மூன்றையும் சந்தேகப்படுங்கள். இரண்டாவதில் கீயை ஒட்டிய விதமும் மென்பொருளின் பதிப்பு எண்ணும். மூன்றாவதில் மின்னஞ்சல்.

நம் ஊர் மணியில் எப்போது முடிகிறது

'ஒரு நாள்' என்றால் அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்று கணக்கு வைக்கும் தளங்கள் உண்டு. கிவ்அவே ஆஃப் த டேயும் அப்படித்தான். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அது பகல் 1.30 மணி. அங்கே கோடைகால நேரம் நடக்கும்போது, அதாவது மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை, 12.30 மணி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மாலை 4 மணி, கோடையில் 3 மணி. இரவு வேலை முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போய்விடும். ஜெர்மன் நிறுவனம் தங்கள் ஊர் நள்ளிரவைக் கணக்கில் வைத்திருந்தால் நமக்கு அது விடிகாலை 4.30, கோடையில் 3.30. சலுகைப் பக்கத்தில் கவுண்ட்டவுன் ஓடுகிறதென்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட அதையே நம்புங்கள்.

மிச்சம் அரை மணி நேரம்தான் என்றால் ஆராய்ச்சி வேண்டாம். வேறொரு கணினி இருந்தால் அதில் ஒரு முறை முயன்று பாருங்கள். அங்கே வேலை செய்தால் கோளாறு உங்கள் கணினியில். அங்கேயும் இல்லையென்றால் கோளாறு அவர்கள் பக்கம், அல்லது உங்கள் இணைப்பில். தனி கீ வரும் வகையானால் இன்ஸ்டால் செய்வதைத் தள்ளிப்போட்டு, முதலில் மின்னஞ்சலைப் பதிந்து கீயை வாங்கி வைத்துவிடுங்கள்.

கடிகாரம்

இதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. மூலையில் மணி சரியாகத்தானே காட்டுகிறது என்று விட்டுவிடுவார்கள். மணி சரியாகக் காட்டினால் போதாது, டைம் ஸோனும் சரியாக இருக்க வேண்டும்.

நடப்பது இதுதான். விண்டோஸைப் புதிதாகப் போடும்போது டைம் ஸோன் பசிபிக்கிலேயே நின்றுவிடும். மணி தப்பாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு, ஸோனை மாற்றாமல் மணியை மட்டும் கையால் திருத்தியிருப்பார்கள். திரையில் காலை 10 மணி. ஆனால் கணினி தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. உலகப் பொது நேரத்துக்கு அது மாற்றிச் சொல்லும்போது 18.00 என்று சொல்லும். உண்மையில் அப்போது பொது நேரம் 4.30. பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும் கணினியிலிருந்து கேட்டால் 'சலுகை முடிந்தது' என்றுதான் பதில் வரும்.

'செட்டிங்ஸ்' திறந்து 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'டேட் அண்ட் டைம்'. ஸோனில் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். இலங்கையில் 'ஸ்ரீ ஜெயவர்தனபுர'. பிறகு கீழே 'சிங்க் நவ்' பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள்.

தேதியே பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர்2032. எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ கணினிக்குத் தோன்றும், எந்த சர்வருடனும் அது பேச மறுக்கும்.

சலுகை முடிந்த பிறகு கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பி ஏமாற்றப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சர்வர் தன் கடிகாரத்தையும் பார்க்கும். மிஞ்சுவது சான்றிதழ்க் கோளாறுகள்தான்.

ஜிப்பும் ஆன்டிவைரஸும்

ஜிப் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் அது ஃபோல்டர் போலத் திறக்கும். உள்ளே இருக்கும் செட்டப்பை அங்கேயே கிளிக் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிக இடத்தில் பிரித்து ஓட்டும். பக்கத்தில் இருக்க வேண்டிய தரவுக் கோப்பு அங்கே இருக்காது, 'கோப்பு சிதைந்துள்ளது' என்று செட்டப் நின்றுவிடும். ஜிப் மேல் ரைட் கிளிக், 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்', டெஸ்க்டாப்பில் சின்னப் பெயருள்ள ஒரு ஃபோல்டர். அதற்கும் முன்னால், ஜிப் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால் அடியில் 'அன்பிளாக்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்துவிட்டுப் பிரித்தால் 'விண்டோஸ் ப்ரொடக்டட் யுவர் பிசி' என்ற நீலப் பெட்டி பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் 'மோர் இன்ஃபோ', பிறகு 'ரன் எனிவே'.

ஆன்டிவைரஸ் விஷயத்தில் இரண்டு பக்கமும் பேச வேண்டியிருக்கிறது. சலுகை உறைகள் பிறர் பிரித்துப் பார்க்க முடியாதபடி இறுக்கமாகப் பொதியப்பட்டவை. வைரஸ் எழுதுபவர்களும் அதே மாதிரிப் பொதிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஆன்டிவைரஸ் தோலைப் பார்த்தே கத்திவிடும். அதற்காக எல்லா எச்சரிக்கையும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். அங்கே சுமார் 70 ஆன்டிவைரஸ்கள் பார்த்துச் சொல்லும். இரண்டு மூன்று மட்டும், அதுவும் 'ஜெனெரிக்', 'சஸ்பிஷியஸ்', 'பேக்டு' போன்ற பொதுப் பெயர்களில் கத்தினால் பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. இருபது முப்பது சேர்ந்து கத்தினாலோ, பெயர் தெரிந்த பெரிய நிறுவனங்கள் ஒரே வகைப் பெயரைச் சொன்னாலோ அந்தக் கோப்பைத் தொடாதீர்கள். இலவசம் என்பதற்காக வங்கிக் கடவுச்சொல்லைப் பணயம் வைக்க வேண்டாம்.

சத்தமில்லாமல் நடக்கும் ஒன்று இன்னும் தொல்லை. செட்டப் ஓடி முடிந்துவிடும், எச்சரிக்கை எதுவும் கண்ணில் படாது. மென்பொருளைத் திறந்தால் 'ட்ரையல் 15 டேஸ்' என்று நிற்கும். லைசென்ஸைப் பதிய வேண்டிய சின்னக் கோப்பை, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் நடுவிலேயே தூக்கியிருக்கும். 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடக்ஷன்', அதில் 'ப்ரொடக்ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். நீங்கள் இன்ஸ்டால் செய்த நிமிடத்தில் ஏதாவது பதிவாகியிருந்தால் ஆள் அதுதான். கோப்பு நம்பகமானது என்று வைரஸ்டோட்டலில் உறுதியான பிறகு 'ரீஸ்டோர்' கொடுங்கள். அதோடு விடாமல் மென்பொருளை எடுத்துவிட்டு, பிரித்த ஃபோல்டரையும் மென்பொருள் உட்காரும் ஃபோல்டரையும் மட்டும் டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலில் சேர்த்துத் திரும்ப இன்ஸ்டால் செய்யுங்கள். ஆக்டிவேஷன் முடிந்ததும், பிரித்த ஃபோல்டரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். ஆன்டிவைரஸை முழுக்க அணைத்துப் போட்டுவிட்டு மறந்துபோவதை விட இது எவ்வளவோ மேல்.

'சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை'

முதல் சோதனை: அந்த நிறுவனத்தின் தளத்தை அதே கணினியில் பிரவுசரில் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் கோளாறு உங்கள் இணைப்பில், அல்லது அவர்கள் சர்வரில். பிரவுசரில் திறக்கிறது, மென்பொருள் மட்டும் முடியவில்லை என்கிறது என்றால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான்.

விபிஎன் (உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் சேவை) இருந்தால் அணையுங்கள். விபிஎன் முகவரிகளை நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்துகொள்வதால், ஒரே முகவரியிலிருந்து ஏகப்பட்ட பதிவுகள் வருகின்றன என்று சர்வர் தடுத்து வைத்திருக்கும். மொபைல் டேட்டாவிலும் இதே கதைதான். பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். அப்படியானால் வீட்டு பிராட்பேண்டுக்கு மாறிப் பாருங்கள். வீட்டு இணைப்பில்தான் தகராறு என்றால் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். வழியை மாற்றிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை, பல சந்தேகங்களை ஒரே அடியில் தீர்த்துவிடும்.

விளம்பரங்களைத் தடுக்க ரவுட்டரிலோ டிஎன்எஸ்ஸிலோ (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஆட்கார்டு, பைஹோல் போன்றவை வைத்திருந்தால், லைசென்ஸ் சர்வரின் பெயரும் அவற்றின் தடைப்பட்டியலில் மாட்டியிருக்கலாம். ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'ப்ராக்ஸி' பக்கத்தில் பழைய அலுவலக ப்ராக்ஸி (இணையத்துக்கு நடுவில் நிற்கும் இடைச் சர்வர்) முகவரி ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

அப்புறம் ஹோஸ்ட்ஸ் கோப்பு. எந்த சர்வர் பெயருக்கு எந்த முகவரி என்று கணினி முதலில் பார்க்கும் சின்னப் பட்டியல் அது. கணினி கற்ற சொந்தக்காரப் பையன் யாராவது முன்பு ஒரு முறை வந்து 'நான் ஆக்டிவேட் பண்ணித் தர்றேன் சித்தப்பா' என்று ஏதாவது செய்துவிட்டுப் போயிருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். திருட்டுப் பிரதிகளை ஓட்டுவதற்காக, நிறுவனத்தின் சர்வர் பெயர்களை 127.0.0.1 என்ற முகவரிக்குத் திருப்பி இதில் எழுதிவிடுவார்கள். அது கணினி தன்னையே குறிக்கும் முகவரி. அந்த நிறுவனம் இன்று நியாயமாகவே இலவச லைசென்ஸ் கொடுத்தாலும் உங்கள் கணினி அவர்களைக் கூப்பிடாமல் தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். நோட்பேடை ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆகத் திறங்கள். 'ஓப்பன்' கொடுத்து சி டிரைவில் விண்டோஸ், அதனுள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று இறங்குங்கள். கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' ஆக மாற்றினால்தான் ஹோஸ்ட்ஸ் கண்ணில் படும். # குறியோடு தொடங்கும் வரிகள் வெறும் விளக்கங்கள், விட்டுவிடுங்கள். அந்த நிறுவனத்தின் பெயர் உள்ள வரிகளை மட்டும் அழித்துச் சேமித்துவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

விண்டோஸ் 7 இன்னும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: சர்வர்கள் இப்போது டிஎல்எஸ் 1.2க்குக் குறைந்த குறியாக்கத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. கண்ட்ரோல் பேனலில் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' தாவல், பட்டியலின் அடியில் 'யூஸ் டிஎல்எஸ் 1.2' டிக் ஆகியிருக்க வேண்டும். பிரவுசர்கள் தங்கள் சொந்தக் குறியாக்கத்தைக் கொண்டு வருவதால் தளம் திறக்கும். மென்பொருள் விண்டோஸின் வசதியை நம்புவதால் திணறும்.

இவை எல்லாம் சரி, சலுகை தொடங்கி ஒரு மணி நேரம்தான் ஆகிறது என்றால் கூட்ட நெரிசல். பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், உங்கள் இணைய முகவரியையே சர்வர் சிறிது நேரம் ஒதுக்கிவைக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்.

கீ சரிதான், ஆனால் ஏற்கவில்லை

கீயைக் கையால் அடிக்காதீர்கள். ஓ எழுத்தும் பூஜ்யமும், பெரிய ஐ எழுத்தும் சின்ன எல் எழுத்தும் 1 என்ற எண்ணும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். காப்பி செய்து நேரே பெட்டியில் ஒட்டுவதும் முழுப் பாதுகாப்பல்ல. மின்னஞ்சலிலிருந்து காப்பி செய்யும்போது முன்னாலோ பின்னாலோ ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், கண்ணுக்குத் தெரியாது. நடுவில் நோட்பேடில் ஒட்டுங்கள். எழுத்துருவை கன்சோலஸ் ஆக வையுங்கள். அதில் பூஜ்யத்துக்குள் ஒரு கோடு ஓடுவதால் ஓவிலிருந்து பிரித்துப் பார்க்கலாம். கர்சரை வரியின் கடைசிக்குக் கொண்டுபோய், கடைசி எழுத்துக்கு அப்பால் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது, அழித்துவிடுங்கள்.

கீயை வேர்டிலோ போனில் நோட்ஸிலோ சேமித்து வைத்திருந்தால் அது சிறு கோட்டை நீளக் கோடாக 'அழகாக்கி' வைத்திருக்கலாம். பார்க்க ஒரே மாதிரி, கணினிக்கு வேறு எழுத்து. நோட்பேடில் அந்தக் கோடுகளை அழித்துவிட்டு விசைப்பலகையில் பூஜ்யத்துக்கு வலப்பக்கம் இருக்கும் கோட்டை நீங்களே அடியுங்கள். நாலைந்து வரி நீளும் கீயானால், தொடக்கத்திலும் முடிவிலும் கோடுகளோடு வரும் வரிகளும் கீயின் பகுதியாகவே இருக்கலாம். ரீட்மீ என்ன சொல்கிறது என்று பார்த்து அவற்றையும் சேர்த்து எடுங்கள்.

பெயரும் கீயும் சேர்த்துக் கேட்டால் இரண்டும் கணக்குப்படி பிணைந்தவை. ரீட்மீயில் இருக்கும் பெயரை எழுத்துப் பிசகாமல், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட, போட வேண்டும். அங்கே உங்கள் சொந்தப் பெயரைப் போட்டால் கீ செல்லாது.

தமிழில் கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பழைய மென்பொருள்கள் நம்பும் எட்டுபிட் குறியேட்டுப் பக்கம் (ஒரு மொழியின் எழுத்துகளுக்கு எண் தரும் பட்டியல்) விண்டோஸில் தமிழுக்குக் கிடையாது. முதல் நாளிலிருந்தே தமிழ் அங்கே யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுப் பட்டியல்) வழியாகத்தான். யூனிகோட் தெரியாத பழைய மென்பொருள் தமிழ் எழுத்தைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போடும். விண்டோஸ் கணக்கின் பெயரை 'முருகன்' என்று தமிழில் வைத்திருந்தால் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் ஃபோல்டரும் அதே பெயரில் இருக்கும். லைசென்ஸ் கோப்பை எழுதப் போகும் மென்பொருளுக்கு அந்தப் பாதை '???????' என்று தெரியும். கேள்விக்குறி இருக்கும் பெயரில் விண்டோஸ் கோப்பு உருவாக்க விடாது. கீ சரிபார்க்கப்படும், 'தேங்க் யூ' கூட வரும், திரும்பத் திறந்தால் மறுபடியும் ட்ரையல். கணக்கின் பெயரை மாற்றுவதால் பயனில்லை, ஃபோல்டர் பெயர் பழையபடியே இருக்கும். ஆங்கில எழுத்துகளில் புதிதாக ஒரு லோக்கல் கணக்கு தொடங்கி, அதில் இன்ஸ்டால் செய்து ஆக்டிவேட் செய்வதே நேரான வழி. செட்டப் கோப்பை 'பதிவிறக்கம்' என்ற பெயருள்ள ஃபோல்டரில் வைத்து ஓட்டுவதும் இதே காரணத்தால் சில நேரம் உதைக்கும்.

இன்னொன்று, விசைப்பலகை தமிழில் நிற்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் பெட்டியில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் தமிழ்99இல் அடித்துக்கொண்டிருப்பது புரியாது. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பார் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறுங்கள்.

பதிப்பு எண்ணும் முக்கியம். சலுகைப் பக்கம் பதிப்பு 12க்குக் கீ தருகிறது, நீங்கள் நிறுவனத்தின் முகப்பிலிருந்து 13ஐ எடுத்துவந்துவிட்டீர்கள் என்றால் கீ வேலைக்காகாது. 'ஹோம்', 'ப்ரோ', 'ஃப்ரீ' என்ற வேறுபாடும் அப்படியே. சலுகைப் பக்கத்தில் உள்ள இணைப்பிலிருந்தே எடுங்கள்.

பழைய எச்சங்கள்

அதே மென்பொருளின் ட்ரையலை முன்பு எப்போதாவது போட்டிருந்தால், அல்லது போன வருடச் சலுகையில் ஒரு வருட லைசென்ஸ் வாங்கி அது முடிந்திருந்தால், 'இந்தக் கணினியின் காலம் முடிந்தது' என்ற குறிப்பு உள்ளே எங்கோ உட்கார்ந்திருக்கும். அன்இன்ஸ்டால் செய்தாலும் அது போகாது. போகக்கூடாது என்றே எழுதியது அது. புதிய கீயைப் போட்டாலும் சில மென்பொருள்கள் பழைய குறிப்பையே முதலில் படித்துத் தொலைக்கும்.

சுத்தம் செய்யும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: சலுகை இன்னும் திறந்திருக்கிறதா? மூடிவிட்டது என்றால் அரைகுறையாக ஓடுவதையும் அழித்துவிட்டு வெறுங்கையோடு நிற்பீர்கள்.

திறந்திருந்தால், மென்பொருளை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு நாலு இடங்களில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள்: ப்ரோகிராம் ஃபைல்ஸ், ப்ரோகிராம்டேட்டா, உங்கள் ஆப்டேட்டாவில் ரோமிங், அதன் பக்கத்தில் லோக்கல். லோக்கலுக்குள் 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்று ஒன்று இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். எழுத அனுமதியில்லாத இடத்தில் பழைய மென்பொருள்கள் எழுத முயன்றால், விண்டோஸ் அவற்றை ஏமாற்றி எழுத வைக்கும் இடம் அது. பலர் மறந்துபோவதும் அதைத்தான். கடைசியாக ரெஜிஸ்ட்ரி எடிட்டர், அதாவது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேட்டைத் திறக்கும் கருவி. 'கரண்ட் யூசர்' கிளையிலும் 'லோக்கல் மெஷின்' கிளையிலும் 'சாஃப்ட்வேர்' அடியில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். 32 பிட் மென்பொருளானால் 'வாவ்6432நோட்' அடியில். முதலில் அந்தக் கிளையை ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்துப் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு அந்த ஒரு மென்பொருளின் துணைக்கிளையை மட்டும் அழியுங்கள். தாய்க் கிளையையே வெட்டினால், அதே நிறுவனத்தின் வேறு மென்பொருளுக்குக் காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸும் சேர்ந்து போகும்.

இன்று ஆக்டிவேட் ஆகிறது, நாளை மறந்துபோகிறது

வீட்டில் ஒருவர் அட்மின், மற்றவர்கள் சாதாரணக் கணக்கு என்று வைத்திருக்கும் கணினிகளில் இது வரும். சாதாரணக் கணக்கில் இருந்தபடி 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து, அப்பாவின் கடவுச்சொல்லைப் போட்டு ஆக்டிவேட் செய்கிறீர்கள். அந்த நேரத்தில் மென்பொருள் ஓடுவது அப்பாவின் கணக்கில். லைசென்ஸும் அவர் 'கரண்ட் யூசர்' கிளையில் போய்ப் பதியும். நாளை உங்கள் கணக்கில் திறக்கும்போது அங்கே எதுவும் இருக்காது. உங்கள் கணக்கைத் தற்காலிகமாக அட்மின் ஆக்கி, அதில் உள்நுழைந்து ஆக்டிவேட் செய்துவிட்டுப் பிறகு பழையபடி மாற்றிவிடுங்கள்.

சில நாள் கழித்து லைசென்ஸ் போனால் கணினியின் அடையாளம் மாறியிருக்கலாம். வன்தட்டின் தொடர் எண், நெட்வொர்க் கார்டின் முகவரி இவற்றைக் கலந்து ஒரு எண்ணை உருவாக்கி அதற்குத்தான் பூட்டுகிறார்கள். வைஃபை அமைப்பில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்' ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். ஆக்டிவேட் செய்யும் நேரத்தில் யூஎஸ்பி வழி போன் இணைப்பு, விபிஎன்னின் மெய்நிகர் கார்டு எதுவும் வேண்டாம்.

இன்னொரு எதிரி, மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் 'அப்டேட் அவைலபிள்' பெட்டி. பல சலுகைகள் அந்த ஒரு பதிப்புக்கு மட்டும்தான். 'யெஸ்' அழுத்தினால் புதிய பதிப்பு வந்து உட்காரும், கூடவே காசு கேட்கும். ஆக்டிவேட் ஆனதும் முதல் வேலையாக மென்பொருளின் அமைப்புகளில் தானியங்கி அப்டேட்டை அணைத்துவிடுங்கள். ஆனால் இணையத்தோடு பேசும் மென்பொருள் என்றால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது: பழைய பதிப்பிலேயே நின்றால் பாதுகாப்பு ஓட்டைகளும் அடைபடாமல் நிற்கும். படம் திருத்தும் மென்பொருளுக்குப் பரவாயில்லை. விபிஎன்னையோ கடவுச்சொல் பெட்டகத்தையோ இப்படி வைத்துக்கொள்ளக் கூடாது.

கீ வரும் என்றார்கள், வரவில்லை

ஸ்பேம், ஜிமெயிலில் 'புரமோஷன்ஸ்' தாவல், இரண்டையும் பாருங்கள். ஸ்பேமில் கிடப்பதை ஜிமெயில் 30 நாளில் அழித்துவிடும். பத்து நிமிடத்தில் மறையும் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை நிறுவனங்கள் பட்டியல் போட்டே தடுக்கின்றன. படிவம் 'நன்றி' என்று சொல்லும், கீ மட்டும் வராது. இத்தகைய சலுகைகளுக்கென்றே நிஜமான ஒரு தனி ஜிமெயில் முகவரி வைத்துக்கொள்வது நல்லது. அதன்பிறகு வரும் விளம்பர மழையும் அங்கேயே பெய்யும். ஒரு மணி நேரம் பார்த்தும் வரவில்லையென்றால் அதே முகவரியை மறுபடி பதியுங்கள், பல தளங்கள் அதே கீயைத் திரும்ப அனுப்பும்.

எபிக் கேம்ஸ் ஸ்டோர் வாரா வாரம் வியாழக்கிழமை தரும் இலவச விளையாட்டுகளில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. இந்திய நேரம் இரவு 8.30க்கு, அமெரிக்கக் குளிர்காலத்தில் 9.30க்கு மாறும். கணக்கில் சேர்த்துவிட்டால் போதும், டவுன்லோட் என்றைக்கு வேண்டுமானாலும் செய்யலாம். லைசென்ஸ் கணினியில் இல்லாமல் கணக்கில் இருப்பதன் சுகம் அது.

நிறுவனத்துக்கு எழுதுவதானால்

இலவச லைசென்ஸுக்கு உதவி கிடையாது என்று பல சலுகைகளின் விதிகளிலேயே இருக்கும். ஆனாலும் சலுகை நடந்துகொண்டிருக்கும்போது எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம், அவர்களுக்கும் அன்று பெயர் கெடக்கூடாதே. 'வேலை செய்யவில்லை' என்று ஒற்றை வரி எழுதினால் 'ரீஇன்ஸ்டால் செய்து பாருங்கள்' என்று ஒற்றை வரிதான் திரும்பும். மென்பொருளின் முழுப் பதிப்பு எண், விண்டோஸின் பதிப்பு, பிழைச் செய்தியின் வாசகம் மாறாமல், நீங்கள் முயன்ற நேரம் உங்கள் டைம் ஸோனோடு, பதிந்த மின்னஞ்சல் முகவரி, கணினியின் மணி தெரியும்படி முழுத்திரைப் படம் ஒன்று. நேரம் ஏன் என்றால், அதை வைத்துத்தான் சர்வரின் பதிவேட்டில் உங்கள் முயற்சியைத் தேட முடியும். தனி கீயாக இருந்தால் முழுக் கீயையும் நிறுவனத்தின் உதவி முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டினால் அரை மணிக்குள் வேறு யாராவது அதைப் பயன்படுத்தியிருப்பார்கள், 'ஆக்டிவேஷன் எண்ணிக்கை முடிந்தது' என்ற அடுத்த பிழை அங்கே தொடங்கும்.